பிள்ளைகளின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சிக்கு வாரம் ஒரு பாடவேளை போதுமா? (சேலம், ஏற்காடு ஆசிரியர்கள், பெற்றோர்கள் விவாத இழை)

அம்மாப்பேட்டை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பித்து வருகிறேன். அடுத்து நடக்கவிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைப் பிள்ளைகளின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சிக்கென ஒதுக்குவது பற்றிப் பேசவிருக்கிறோம். அதற்கு முன் இந்த வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

எங்களிடம் ஆறாம் வகுப்பில் சேர்பவர்கள் சுற்றியுள்ள பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். பெரும்பாலும் விசைத்தறிக் குடும்பங்கள். இரவு முழுவதும் தறி ஓடுகிற வீட்டில் அரைகுறையாகத் தூங்கி எழுந்து, முகம் தெரியாத நாற்பது பேர் நடுவில் வந்து உட்காருகிறார்கள். பக்கத்தில் இருப்பவனின் கை தன் பேனாவில் பட்டாலே அடிக்கப் பாயும் பையன் ஒருவன் இருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வாய் திறக்காத சிறுமி ஒருத்தியும் இருக்கிறாள். பையனைப் பற்றிய புகார் நாள்தோறும் ஆசிரியர் அறைக்கு வந்துவிடுகிறது. சிறுமியைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை. அமைதியான பிள்ளை என்று பாராட்டிவிட்டுக் கடந்து போகிறோம். எனக்கு அதிகக் கவலை தருபவள் அவள்தான்.

தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், முடிவெடுத்தல் என்று பத்து வாழ்க்கைத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. பயிற்சிகளில் இவற்றை நாம் எல்லோரும் குறித்துக்கொண்டு வந்தவர்கள்தான். என் ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை தாமதமாக வந்த பிள்ளையை இறைவணக்கக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்க நிறுத்தி வைக்கிறோம். தேர்வுத்தாளைத் திருப்பித் தரும்போது குறைந்த மதிப்பெண்ணை உரக்கப் படிக்கிறோம். பிறகு வெள்ளிக்கிழமை மாலை "பிறர் மனம் புண்படாமல் பேசுவது எப்படி" என்று பாடம் நடத்துகிறோம். பிள்ளை இவற்றில் எதைக் கற்றுக்கொள்வாள்? தனிப் பாடவேளை கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துவிட்டதாலேயே மற்ற நாட்களில் நம் கடமை முடிந்ததாக ஆகிவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை

வணக்கம் டீச்சர். நான் ஆசிரியன் அல்ல. வெள்ளிக் கொலுசு வேலை செய்பவன். மகள் ஏழாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். உங்கள் கூட்டத்துக்கு வரும் பெற்றோர்கள் பலர் என்னைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பதால் எங்கள் பக்கத்துக் கவலையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் முன்பு படித்த பள்ளியில் இதே நோக்கத்துடன் ஒரு வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "இந்த வாரம் உங்கள் வீட்டில் உங்களை அழ வைத்தது எது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை தன் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிள்ளைக்கு எட்டு வயது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் எட்டு வயதுதான். மறுநாள் அது தெரு முழுக்கப் பரவியது. அந்தத் தாய் பல நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிள்ளைக்கோ, உண்மையைச் சொன்னால் வீட்டிலும் அடி, பள்ளியிலும் கேலி என்பதுதான் படிப்பினையாக மிஞ்சியது. நல்ல மனதோடு செய்த காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பை நடத்தியவருக்கு அதற்கான பயிற்சி இருந்ததா, சொன்ன பிள்ளையை அதன் பிறகு யாராவது தனியாக அழைத்துப் பேசினார்களா என்று கேட்டபோது பதில் கிடைக்கவில்லை.

மற்றொன்று. பிள்ளைகளை எதற்கும் கண்டிக்கக் கூடாது என்று இப்போது ஆகிவிட்டதாக எங்கள் தெருவில் பேச்சு இருக்கிறது. கண்டிப்பு இல்லாமல் பிள்ளை எப்படிப் படியும் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மலைமேல் விடுதி ஆசிரியர் (ஏற்காடு)

டீச்சர் சொன்ன பேசாத சிறுமியைப் போன்றவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சேர்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை செய்கிறேன். ஐந்து, ஆறு வயதிலேயே அம்மாவை விட்டு வந்து விடுதியில் தங்கும் குழந்தைகள் அவர்கள். பெற்றோர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். சிலர் மிளகுப் பறிப்புக் காலத்தில் குடகுக்கும் கேரளத்துக்கும் போய்விடுவார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பி வரும் வாரத்தை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பகலில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் ஒரு மூலையில் விசும்பல் தொடங்கும். அது ஒவ்வொரு பாயாகப் பரவும்.

அந்த நேரத்தில் அங்கே எந்தப் பாடவேளையும் கிடையாது. இருப்பவர்கள் விடுதிக் காப்பாளரும் சமையலரும் காவலரும்தான். எங்கள் சமையலம்மா எந்தப் பயிற்சியும் பெறாதவர், மலையிலேயே பிறந்தவர். அழும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ஊர்ப் பேச்சிலேயே, "உங்கூட்டு ஆடு குட்டி போட்டுச்சா?" என்று கேட்பார். குழந்தை ஆட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கும். அழாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. புதிதாக வந்த ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த அம்மாவைக் கவனிக்கச் சொல்லித்தான்.

ஆகவே என் கருத்து இதுதான்: பிள்ளையின் மனவெழுச்சி வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது வகுப்பாசிரியரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதிப் பள்ளியை விட்டுவிட்டோம் என்று பொருள். சத்துணவுப் பணியாளர், விடுதிக் காப்பாளர், பேருந்து நடத்துநர் வரை பிள்ளையோடு பேசுகிற பெரியவர் ஒவ்வொருவரும் அதில் சேர்த்தி.

உளவியல் ஆலோசகர், அஸ்தம்பட்டி

இந்த இழையில் எழுந்துள்ள கேள்விகளுக்கு ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. அந்த விடைகள் ஒரே திசையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2011ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பள்ளிகளில் நடத்தப்பட்ட 213 சமூக, மனவெழுச்சிக் கற்றல் திட்டங்களை, 2,70,034 மாணவர்களை உள்ளடக்கி, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பிள்ளைகளின் நடத்தையும் மனநிலையும் மேம்பட்டதோடு, படிப்பிலும் சராசரி மாணவர் ஒருவர் நூறு பேர் வரிசையில் 11 இடம் முன்னேறுவதற்குச் சமமான பலன் தெரிந்தது. படிப்படியாக, செய்து பழகும் முறையில், இன்ன திறன் என்று தெளிவாக வரையறுத்து நடத்தப்பட்ட திட்டங்களே நன்றாகப் பலன் தந்தன. அரைகுறையாக நடைமுறைப்படுத்திய இடங்களில் பலன் சுருங்கிப்போனது. தனிப் பாடவேளை வேண்டும் என்பவர்கள் சுட்டிக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

மறுபக்கம், பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையிலான 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், வகுப்பாசிரியர்களைக் கொண்டே மனஒருமைப் பயிற்சி (அந்தந்தக் கணத்தில் கவனத்தை நிறுத்தும் பழக்கம்) அளித்து நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. வழக்கமாக நடந்துவந்த வகுப்புகளைவிட அந்தப் பயிற்சி பிள்ளைகளின் மனநலத்துக்கு மேலதிக நன்மை எதையும் தரவில்லை. எல்லோருக்கும் ஒரே பாடத்தை வைத்தால் எல்லோருக்கும் நலம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

நமக்கு மிக நெருக்கமானது, பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 70க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு. சுவர் இதழ், பிள்ளைகள் மனதில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, காலைக் கூட்டத்தில் உரையாடல், தனிநபர் ஆலோசனை, கேலியும் வன்முறையும் கூடாது என்ற பள்ளி விதி என ஒரே வேலைத் தொகுப்பை, சில பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரிடமும், வேறு சில பள்ளிகளில் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரிடமும் ஒப்படைத்தார்கள். தனிப் பணியாளர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் கணிசமாக மேம்பட்டது. மனச்சோர்வும் கேலிக்கு ஆளாவதும் குறைந்தன. ஆசிரியரிடம் கூடுதல் வேலையாகக் கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. ஆசிரியர்களிடம் அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மதிப்பெண் கொடுக்கிறவரிடமும் தண்டிக்கிறவரிடமும் பிள்ளை மனதைத் திறப்பது கடினம். ஆசிரியருக்கும் அதற்கு நேரம் இல்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சிவதாபுரம் நண்பர் சொன்னது என்னை மிகவும் வருத்தியது. குழு வட்டத்தில் பிள்ளையின் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே கூடாது. "ஒரு பையன் இருந்தான், அவனுடைய நண்பர்கள் விளையாட்டில் அவனைச் சேர்க்கவில்லை, அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்?" என்று கதைமாந்தரை முன்னிறுத்தித்தான் பேச வேண்டும். பேச விரும்பாத பிள்ளைக்கு, பேசாமல் இருக்கும் உரிமையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதையும் மீறி ஒரு பிள்ளை வன்கொடுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் வட்டத்தை மென்மையாக வேறு பக்கம் திருப்பிவிட்டு, அன்றே தனியாகக் கேட்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும்.

கண்டிப்பைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லைகள் வகுப்பதைத் தடை செய்யவில்லை. ஆத்திரத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளையின் காதில் அறிவுரை ஏறாது. உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அமைதிப்படுத்துங்கள், பிறகு, செய்த தவறை அவன் கையாலேயே சரிசெய்ய வையுங்கள். கிழித்த நோட்டை அவனே ஒட்டித் தரட்டும். அடிப்பதைவிட இது கண்டிப்பானது. நேரமும் அதிகம் பிடிக்கும்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை

நன்றி ஐயா. கதைமாந்தரை வைத்துப் பேசுவது என்றால் எனக்கு மறுப்பில்லை. நோட்டை ஒட்டித் தர வைப்பதையும் தெருவில் சொல்லிப் பார்க்கிறேன். அது எங்கள் ஆட்களுக்குப் புரியும். பட்டறைகளில் மாலை நேரத்தில் சலங்கை கோக்க உட்காரும் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் தூங்குகிற பிள்ளை சோம்பேறி என்று பெயர் எடுக்கிறது. இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு ஆசிரியர் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பெற்றோரிடமும் அதை நேரில் பேசுங்கள். எங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

ஈராசிரியர் பள்ளி (நாகலூர்ப் பக்கம்)

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர். தனிப் பணியாளர் எங்களுக்குக் கிடைப்பார் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. ஆகவே பாடவேளை எதுவும் ஒதுக்காமல் கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதற்கு முன், மலைப்பாதையில் வெறும் வயிற்றோடு நடந்து வந்த பிள்ளைகளிடையே முதல் பாடவேளையில் அழுகையும் சண்டையும் மிகுதியாக இருந்தன. கிச்சடியோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிற பிள்ளை வேறு பிள்ளையாக இருக்கிறது. பசியோடு இருப்பவனிடம் பொறுமையைக் கற்பிப்பது நியாயமில்லை. பரிமாறும் பொறுப்பை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை போதும் என்று சொல்லத் தயங்குவதைக் கண்டுபிடிக்க அவர்களே பழகிவிட்டார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் தங்கள் கற்றல் அளவுக்கேற்ப, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். கற்பித்தலுக்கு மிக உதவியான ஏற்பாடு. ஆனால் விளையாட்டு நேரத்தில் ஒரு பிள்ளை மற்றொன்றைப் பார்த்து, "நீ இன்னும் அரும்புதானா?" என்று கேட்டதைக் காதால் கேட்டேன். அன்றிலிருந்து குழுக்களை நாள் முழுவதும் ஒரே மாதிரி வைப்பதில்லை. எழுத்துக்கு ஒரு குழு, பாட்டுக்கு ஒரு குழு, தோட்ட வேலைக்கு ஒரு குழு. படிப்பில் அரும்பாக இருப்பவன் மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் பற்றி எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மனவெழுச்சி பற்றி நிறையப் பேசினோம், சமூக வளர்ச்சி பற்றிக் குறைவாகவே பேசினோம். நம் பள்ளிகளில் பிள்ளைகள் யாரோடு உட்காருகிறார்கள், யாருடைய குடிநீர்ப் பாட்டிலை வாங்கிக் குடிக்கிறார்கள், யாரைப் பெயர் சொல்லாமல் ஊர்ப் பகுதி சொல்லி அழைக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் சாதியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைப்பது, பள்ளிகளுக்கு நல அலுவலர்களை நியமிப்பது ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில.

அகரவரிசை இருக்கை சிறு மாற்றம்தான். ஆனால் ஒரு ஆண்டு முழுவதும் ஒரே பெஞ்சில் இருந்து, ஒருவருக்கொருவர் நோட்டைக் கொடுத்து வாங்கிய இருவரைப் பிறகு பிரிப்பது எளிதன்று. என் பணிக்காலத்தில் அதைக் கண்டிருக்கிறேன். அரசுப் பள்ளிகளில் 2024இல் வந்த மகிழ் முற்றம், பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. அதைப் போட்டிக்கும் கோப்பைக்கும் மட்டும் பயன்படுத்தாமல், பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடாக நடத்துங்கள். சாதி அடிப்படையில் கல்வி உதவித்தொகை பெறுவோரின் பெயர்களை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் குனிகிற தலை நிமிர எத்தனையோ நாளாகும்.

அம்மாப்பேட்டை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் வைக்கப்போகும் கருத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்; குறை இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைப் பாடவேளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கதைமாந்தர் வழியாக மட்டுமே பேச்சு நடக்கும், சொந்த வீட்டைப் பற்றி எந்தக் கேள்வியும் இருக்காது. அது தொடங்கும் வாரத்திலேயே, தாமதமாக வருபவரைக் கூட்டத்தில் நிறுத்துவதும் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பதும் நின்றுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வரும், ஒன்றை மட்டும் ஏற்க நான் உடன்பட மாட்டேன். பிள்ளைகள் தங்கள் மனக்குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியை ஆசிரியர் அறை வாசலிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கூச்சமின்றி நடமாடும் இடத்தில் வைக்க வேண்டும். குழுவில் உள்ள தாய் ஒருவர் முன்னிலையில்தான் அதைத் திறக்க வேண்டும். தனிப் பணியாளருக்கான கோரிக்கையையும் குழுவின் தீர்மானமாக எழுதி அனுப்புவோம். தொடர்ந்து எழுதினால்தான் கிடைக்கும்.

பேசாத அந்தச் சிறுமிக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் எனக்குத் தெளியவில்லை.

உளவியல் ஆலோசகர், அஸ்தம்பட்டி

டீச்சர், தாயிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டில் பேசுகிறாளா? வீட்டில் நன்றாகப் பேசிப் பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால், அது பிடிவாதமோ திமிரோ அல்ல. பதற்றத்தால் வரும் ஒரு நிலை. அதற்குச் சிகிச்சை உண்டு. எல்லோர் முன்னும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு சொல் பேசிவிட்டால் கைதட்டவும் வேண்டாம். தலையசைப்பு, எழுத்து, ஒரே ஒரு தோழியிடம் கிசுகிசுப்பு என்று படிப்படியாகப் போகட்டும். வீட்டிலும் பேச்சு குறைந்திருந்தால், கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்வதோடு, வீட்டில் ஏதேனும் நேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பெற்றோர் தயங்கினால் முதலில் நீங்களே அழைத்துக் கேட்கலாம்.

மலைமேல் விடுதி ஆசிரியர் (ஏற்காடு)

அவளுக்குக் கையில் ஏதாவது வேலை கொடுங்கள் டீச்சர். எங்களிடம் நெடுநாள் பேசாமல் இருந்த ஒரு குழந்தையைக் காலையில் சமையலறைக்குக் கீரை ஆய அனுப்பினோம். சமையலம்மா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார், பதில் எதிர்பார்க்க மாட்டார். உங்கள் அறிவியல் அறையில் சோதனைக் குழாய்களை அடுக்கும் வேலை இருக்குமே. நீங்களும் பக்கத்தில் நின்று உங்கள் வேலையைச் செய்துகொண்டிருங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது என்பதை இங்கே எழுதுங்கள். எங்கள் விடுதியின் இரவு நேரப் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி கேட்டு நாங்களும் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆலோசகர் ஐயா மலைக்கு வர இயலுமானால், பொங்கல் விடுமுறைக்கு முன்பே வந்தால் நல்லது.